இறகு மலையில் பிணக்காவல்

முதல் ஆண்டு, ஒன்பதாம் மாதம், நான்காம் நாள்

இறகு மலைக்கு வந்து சேர்ந்தோம். பதினெட்டு நாள் நடை. கடைசி மூன்று நாள் வெயிலைப் பார்க்கவில்லை. மலையின் வடக்குச் சரிவில் வெயில் விழுவதே கிடையாது என்று வழிகாட்டி சொன்னான். சொல்லிவிட்டு அன்றே திரும்பிப் போனான்.

குன்னின் உடல் ஒரு பாறையின் மேல் மல்லாந்து கிடக்கிறது. பாறைக்குக் கீழே ஏரி. தண்டனையை நிறைவேற்றியவர்கள் நாங்கள் வருவதற்கு முந்தைய நாளே கிளம்பிவிட்டார்கள். காவலுக்கு இரண்டு பேர். நான் எழுத்தன். பெங் ஈட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

பேரரசர் யாவின் உத்தரவு இது: உடலைப் புதைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, உறவினர் தொடக் கூடாது. அது மண்ணாகும்வரை காவல் இருக்க வேண்டும். பத்து நாளுக்கு ஓர் அறிக்கை. மாற்றம் ஏதும் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

அறிக்கைக்குக் கொடுத்த மூங்கில் பட்டைகளில் பிளந்துபோனவற்றை நான் வைத்துக்கொள்ளலாம். இதை அவற்றில் எழுதுகிறேன்.

ஒன்பதாம் மாதம், ஏழாம் நாள்

குடிசைக் கூரையை மாற்றினோம். கோரை போதவில்லை.

பின்னால் யாராவது இதைப் படித்தால் விவரம் வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். வெள்ளம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஆறு கரையை விட்டு இறங்கியது, திரும்பப் போகவில்லை. சமவெளி முழுவதும் நீர். மக்கள் குன்றுகளில் ஏறிக்கொண்டார்கள், மரங்களில் பரண் கட்டிக்கொண்டார்கள். நீரை அடக்கும் பொறுப்பைப் பேரரசர் குன்னிடம் கொடுத்தார். குன் வானுலகத்துக்குப் போய் வளரும் மண்ணைத் திருடிக்கொண்டு வந்தார். ஒரு பிடி போட்டால் அது தானாகவே ஊறி மேடாகும். அதை வைத்து ஒன்பது வருடம் கரை கட்டினார். கரை உயர உயர நீரும் உயர்ந்தது. பத்தாம் வருடம் கரைகள் உடைந்தன. வானவர் மண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டதால் உடைந்தன என்பார்கள். விசாரணை நடந்தது. பதினொரு சாட்சிகள். வேலையில் அசட்டை, எச்சரிக்கையின்மை என்று தீர்ப்பு. அவ்வளவுதான்.

ஒன்பதாம் மாதம், பதினான்காம் நாள்

முதல் அறிக்கை. மாற்றமில்லை.

பத்தாம் மாதம், இரண்டாம் நாள்

பெங்கின் இரண்டு தோளிலும் தோல் காய்த்துத் தடித்திருக்கிறது. ஒன்பது வருடம் குன்னின் கரையில் மண் சுமந்தாராம். அப்படிப்பட்டவரைக் காவலுக்கு அனுப்பியது யாருடைய யோசனையோ. குன்னும் கூடை தூக்கினார், தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். கூடை தூக்கியது விசாரணையில் ஒரு சான்றாகாது என்றேன்.

எந்த ஊர் என்று கேட்டார். வடக்கு வளைவு என்றேன். கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். வடக்கு வளைவுக் கரைதான் முதலில் உடைந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கரண்டியை எடுத்து எனக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினார்.

உப்பு குறைவாக இருக்கிறது. அடுத்த முறை கூடுதலாகக் கேட்க வேண்டும்.

பதினொன்றாம் மாதம், இருபத்து நான்காம் நாள்

பனி. உடலின் மேல் விழுந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளினோம். உடல் கெடவில்லை. குளிர்தான் காரணம் என்று அறிக்கையில் எழுதினேன்.

இரண்டாம் ஆண்டு, நான்காம் மாதம், ஒன்பதாம் நாள்

பனி உருகி இரண்டு மாதம் ஆகிறது. ஓடையோரம் செத்த மான் ஒன்று ஐந்து நாளில் எலும்பாகிவிட்டது. குன் அப்படியே இருக்கிறார். கழுகுகள் மேலே வட்டமிடுகின்றன, இறங்குவதில்லை. நாற்றமில்லை. நகம்கூட உதிரவில்லை.

"லூ எழுத்தரே, இது செத்துப்போன ஆள் மாதிரி எனக்குத் தெரியலையே" என்றார் பெங்.

கழுத்திலிருக்கும் வெட்டைக் காட்டினேன். அதை நானும் பார்த்தேன் என்றார்.

ஐந்தாம் மாதம், முதல் நாள்

ஒரு பெண் வந்திருக்கிறாள். தனியாக, கால்நடையாக. குன்னின் மனைவி. பேரரசரின் உத்தரவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தை மட்டும் கழுவிவிட்டுப் போகிறேன் என்றாள். அனுமதி இல்லை என்றேன். சரி என்று ஏரிக்கரைக்கு இறங்கிப் போனாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு குடிசைக்குக் குச்சி நட்டுவிட்டாள்.

ஏரிக்கரையில் தங்குவதற்குத் தடை எதுவும் உத்தரவில் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஆறாம் மாதம், பதினேழாம் நாள்

அந்தப் பெண் கிழங்கு தோண்டித் தின்கிறாள். பெங் தன் தினையில் பாதியை அவளுக்குக் கொடுக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என் செருப்பின் அடி கிழிந்துவிட்டது. மான் தோலில் தைத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம், மூன்றாம் நாள்

தண்ணீர் எடுக்கப் போனபோது குன்னின் மனைவி ஓடையில் இருந்தாள். நான் குடத்தை நிரப்பினேன். பிறகு கேட்டாள்.

"வடக்கு வளைவுல நீர் அளந்தவர் நீங்கதானே?"

விசாரணையில் பார்த்திருக்கிறாள். ஆமாம் என்றேன். நான்காவது சாட்சி நான். குன் வடக்கு வளைவுப் பக்கமே வரவில்லை, கடைசிப் பத்து நாளும் தெற்கே இருந்தார் என்று சொன்னேன். அது உண்மை. இன்றும் அதையே சொல்வேன்.

அவள் குரலில் கோபம் இல்லை. "காலையில எழுந்ததும் அவர் முதல்ல கேக்கறது உங்க பட்டையைத்தான். வடக்கு வளைவு லூ சரியா அளப்பான்னு சொல்லுவாரு. உங்க பட்டையில மாற்றமில்லைன்னு இருந்தா, அந்தப் பக்கத்தைப் பத்திக் கவலைப்படாம வேற கரைக்குக் கிளம்பிடுவாரு."

குடத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். வழியில் கொஞ்சம் சிந்திவிட்டது.

எட்டாம் மாதம், நான்காம் நாள்

விறகு எல்லாம் ஈரம். அடுப்புப் பற்ற நேரமாகிறது.

எட்டாம் மாதம், ஐந்தாம் நாள்

குன்னின் முகத்தைக் கழுவ அவளுக்கு அனுமதி கொடுத்தேன். பறவை எச்சம் உடலைக் கெடுக்கும், உடலைப் பாதுகாப்பது காவலரின் கடமை என்று உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. அதன்படி கொடுத்தேன். பறவைகள் இறங்குவதில்லை என்று முன்பு எழுதியிருக்கிறேன். எப்போதாவது இறங்கலாம்.

அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கழுவினாள். காதுக்குப் பின்னாலும் கழுவினாள். பெங் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

பன்னிரண்டாம் மாதம், இருபத்து நான்காம் நாள்

பனி விழுகிறது. பாறையின் மேல் எல்லா இடத்திலும் தங்குகிறது. குன்னின் வயிற்றின் மேல் மட்டும் தங்காமல் உருகிப் போகிறது.

பெங் கையை வைத்துப் பார்த்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஆள் எழுந்துபோன படுக்கையைப் போல.

அறிக்கை நாள். பட்டைகள் குறைவாக இருப்பதால் விரிவாக எழுத இடமில்லை. மாற்றமில்லை என்று எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் ஆண்டு, இரண்டாம் மாதம், பதினான்காம் நாள்

மாற்றமில்லை என்று எழுதினேன். வயிறு ஒரு கையளவு உயர்ந்திருக்கிறது.

மூன்றாம் மாதம், எட்டாம் நாள்

பெங் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இடிக்கிறது என்றார். குன்னின் மனைவியைக் கூப்பிட்டோம். அவளும் காதை வைத்தாள். நீண்ட நேரம் காதை எடுக்கவே இல்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கஞ்சி அடிபிடித்துவிடும்போல் இருந்தது.

நாங்கள் மூவரும் இப்போது ஒரே அடுப்பில் சமைக்கிறோம். விறகு மிச்சம்.

நான்காம் மாதம், பதினொன்றாம் நாள்

இன்று எழுத ஒன்றுமில்லை. நல்ல பட்டை ஒன்று கையில் இருப்பதால் எழுதுகிறேன்.

வடக்கு வளைவில் என் வீடு கரையின் அடியிலேயே இருந்தது. நீர் அளக்கும் அளவுகோலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிய இடம். கரை உடைந்த மாதத்தில் ஒரு நாள், கொல்லையில் மண் ஈரமாக இருந்தது. மழை என்று நினைத்தேன். மறுநாளும் ஈரம். மழை பெய்யவில்லை. விரலால் தோண்டினேன், குழியில் நீர் ஊறியது. தெளிவான நீர்.

கசிவு என்று ஒரு சொல் எழுதினால் போதும். அந்த நாழிகையிலேயே முரசு அடித்து ஊரைக் காலி செய்து மலைக்கு ஏற்றிவிடுவார்கள். குன்னின் கட்டளை அது. அந்த ஆண்டில் இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் குளிரில் குழந்தைகள் இறந்தன.

என் மகளுக்கு அப்போது காய்ச்சல். ஐந்து வயது. மூன்று நாளில் இறங்கிவிடும் என்று மருந்து கொடுத்தவள் சொன்னாள். மூன்று நாள்தானே என்று மாற்றமில்லை என எழுதினேன். மூன்று நாளில் இறங்கவில்லை. குன் தெற்கே இருப்பதாகச் செய்தி வந்தது. பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டுக் குடித்தாள். மறுநாளும் மாற்றமில்லை என்றே எழுதினேன், அவள் கொஞ்சம் நடக்கட்டும் என்று. பன்னிரண்டாம் நாள் காலை, பட்டையைக் கொடுக்க மேட்டிலிருந்த காவல் சாவடிக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பார்த்தேன்.

விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை.

நான்காம் மாதம், பன்னிரண்டாம் நாள்

கூரை ஒழுகுகிறது. சரிசெய்தேன்.

ஆறாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

உப்பு கொண்டுவந்து அறிக்கையை வாங்கிப் போகிறவன் வழக்கமாக அடிவாரத்திலேயே நிற்பான், இன்று மேலே ஏறிவந்து உடலைப் பார்த்துவிட்டான். பெங் மறைத்து நிற்கப் பார்த்தார். அந்த வயிறு ஒரு ஆளுக்குப் பின்னால் மறையக் கூடியதாக இல்லை. உப்பை இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

தலைநகருக்குப் பதினெட்டு நாள். திரும்பி வரப் பதினெட்டு நாள்.

எட்டாம் மாதம், முதல் நாள்

தூதர் வந்துவிட்டார். பெயர் சூய். கூட நான்கு வீரர்கள். கையில் ஒரு வாள், தெற்கே வூ நாட்டில் அடித்ததாம், பட்டுத்துணியில் சுற்றியிருக்கிறது. என் அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். பாறையருகே நின்று பார்த்தார், கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களைப்பாக இருந்தார், காலெல்லாம் கொப்புளம்.

புதிய உத்தரவைப் படித்தார். வயிற்றைத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது எதுவானாலும் கொல்ல வேண்டும். நாளைக் காலை.

பெங் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். குன்னின் மனைவி குடிசையை விட்டு வந்து பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளை அப்புறப்படுத்தச் சொல்லி சூய் உத்தரவிடவில்லை.

எட்டாம் மாதம், இரண்டாம் நாள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் சூய் வாளை வீரர்களிடம் நீட்டினார். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெங்கிடம் நீட்டினார். பெங் ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். சூய் தாமே பாறைவரை போய்த் திரும்பி வந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

இரத்தம் வரவில்லை. வாள் எளிதாக இறங்கியது. மார்பிலிருந்து அடிவயிறுவரை ஒரே கோடு. உள்ளே ஆண் குழந்தை. கண் திறந்திருந்தது. கையை நீட்டித் தூக்கினேன். வழுக்கியது, அதனால் மார்போடு சேர்த்துப் பிடித்தேன். அப்போதுதான் அழுதது.

எனக்குப் பின்னால் பாறையில் ஏதோ புரண்டது. பிறகு ஏரியில் பெரிய சத்தம். குன்னின் உடல் இருந்த இடம் காலியாக இருந்தது. மஞ்சள் கரடி ஒன்று எழுந்து நீரில் பாய்ந்தது என்கிறார் பெங். மூன்று கால் ஆமை என்கிறார் சூய். நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூய் ஏரிக்கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு உத்தரவில் இன்னொரு பாதி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். வாள் என் கையில்தான் இருந்தது.

"இந்தத் தண்டனை எதை வச்சுக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"சாட்சியங்களை வச்சு."

"நாலாவது சாட்சி நான். வடக்கு வளைவுக் கரை பதினொரு நாள் கசிஞ்சுது. எனக்குத் தெரியும். குன்னுக்குத் தெரியாது, ஏன்னா நான் எழுதலை. விசாரணையில நான் அதைச் சொல்லலை. இதைப் பேரரசர் கேட்டு முடிக்கிறவரைக்கும் பழைய தீர்ப்பு நிக்காது. அதுவரைக்கும் இந்தக் குழந்தையைத் தொட உங்களுக்கு அதிகாரம் இல்லை."

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சூய்க்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவீரா, என்னோடு தலைநகருக்கு வருவீரா என்று கேட்டார். வருவேன் என்றேன்.

குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தேன். அவள் வாங்கும்போது என் கையையும் சேர்த்துப் பிடித்தாள், பிறகு விட்டாள். வாக்குமூலத்தை ஒரு முழுப் பட்டையில் எழுதினேன். நல்ல பட்டையில்.

எட்டாம் மாதம், மூன்றாம் நாள்

கிளம்புகிறோம். பெங் இங்கேயே அவர்களுக்குத் துணையாக இருக்கப் போகிறார். தினை, உப்பு, மான் தோல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறேன். குழந்தைக்கு யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் மாதம், பதினாறாம் நாள், தலைநகர்

தீர்ப்பு. குழந்தையைக் கொல்ல வேண்டியதில்லை. குன்னின் குற்றம் குறைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை. எனக்கு எழுத்து வேலை இனி இல்லை, நாளை முதல் தூரிகையைத் தொடக் கூடாது. ஆயுள் முழுக்க வெள்ளக் கரையில் மண் சுமக்க வேண்டும். மகளுக்கு என்ன வயது என்று பேரரசர் கேட்டார். சொன்னேன்.

இந்தப் பட்டைக்கட்டை சூய் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இருபத்தேழாம் ஆண்டு, பத்தாம் மாதம், ஒன்பதாம் நாள்

தூரிகை பிடித்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இன்றுதான் மறுபடி கைக்கு வந்தது, எழுத்து கோணலாக வருகிறது.

ஆறு நாள் முன்பு எங்கள் கொட்டடிக்கு ஓர் இளைஞர் வந்தார். ஒரு கால் சற்று இழுத்து இழுத்து நடந்தார். முழங்காலுக்குக் கீழே முடியே இல்லை, நகங்கள் தேய்ந்துபோயிருந்தன, எப்போதும் நீரில் நிற்பவர்களுக்கு அப்படி ஆகும். வெள்ளத்தின் பொறுப்பைப் புதிய பேரரசர் அவரிடம் கொடுத்திருக்கிறார் என்றார்கள். வரிசையில் நின்றவர்களில் யார் லூ என்று கேட்டார்.

நான் கூடையை இறக்கினேன். அவர் யார் என்று தெரிந்தது. தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நான்கு வருடம் முன்பு இறந்துவிட்டாள் என்றார். பெங் அதற்கும் முன்பே. சூய் வைத்திருந்த என் பட்டைக்கட்டு அவர் கையில் இருந்தது. படித்திருந்தார். அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"வடக்கு வளைவுல எந்த இடத்துல முதல்ல கசிஞ்சுது? காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

கரை கட்டப் போகிறீர்களா என்றேன். இல்லை என்றார். கட்டுவதை அப்பா செய்து பார்த்துவிட்டார், நீரைக் கடலுக்குக் கொண்டுபோய்விடப் போகிறேன், எங்கே போக நினைக்கிறது என்று அதைப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார்.

அதே நாள், வடக்கு வளைவு

குளிர்காலம் என்பதால் நீர் தாழ்ந்திருக்கிறது. ஊர் இருந்த மேடு தெரிகிறது. வீடுகளின் இடத்தில் வண்டல். நான் நின்று பார்த்து, நடந்து, திரும்பி, இதுதான் என்று ஓர் இடத்தைக் காட்டினேன்.

"உடைஞ்சப்ப தண்ணி எந்தப் பக்கம் போச்சு?"

கிழக்கே என்றேன். நேராகவா, வளைந்தா என்று கேட்டார். நேராக. முதலில் எது போனது? கொல்லை. அப்புறம்? வீடு. அப்புறம்? அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். குச்சி ஒன்றை எடுத்து நான் நின்ற இடத்திலிருந்து கிழக்கே கோடு இழுத்துக்கொண்டே போனார். திரும்பி வரும்போது இழுக்கும் கால் இன்னும் அதிகமாக இழுத்தது.

"அப்ப அதுதான் அதோட வழி, லூ ஐயா. இங்கேயே திறந்துவிடுவோம்."

மூங்கில் பட்டைகளையும் தூரிகையையும் என்னிடம் கொடுத்தார். அளவு எழுத ஆள் வேண்டும். எனக்குத் தடை இருக்கிறதே என்றேன். தெரியும், பேரரசரிடம் கேட்டு வாங்கிவிட்டேன் என்றார்.

பத்தாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்

பத்தொன்பது நாள் தோண்டியிருக்கிறோம். முந்நூறு பேர். நானும் தோண்டுகிறேன், எழுதுவது காலையும் மாலையும் மட்டும்தான்.

இன்று மேல்முனையில் கடைசித் துண்டு. இரண்டு முழ ஆழத்தில் என் மண்வெட்டி கடினமாக ஏதோ ஒன்றில் பட்டது. கையால் வண்டலை விலக்கினேன். சுட்ட களிமண், ஒரு பக்கம் கரி. வாயோரம் சின்ன விரல் தடங்கள் ஐந்து. அடுப்பு ஈரமாக இருந்தபோது தொடாதே என்று சொல்லியும் தொட்டாள்.

யூ மேலேயிருந்து என்ன என்று கேட்டார். அடுப்பு என்றேன். அவர் யாருடையது என்று கேட்கவில்லை. கீழே இறங்கி வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து தூக்கி மேட்டில் வைத்தோம். அது இரண்டாக விரிசல் விட்டிருந்தது, ஆனால் தூக்கும்போது பிரியவில்லை. நான் மறுபடியும் குழியில் இறங்கினேன்.

மதியத்துக்குப் பிறகு திறந்துவிட்டோம். முதலில் சேறு நகர்ந்தது. பிறகு நீர் வந்தது. கொல்லையைத் தாண்டியது, வீட்டைத் தாண்டியது. அதற்கப்பாலும் இன்று பார்த்தேன். கிழக்கே, கோடு போட்ட வழியாகவே, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மாலையில் கோலைப் பார்த்தேன். நீர் நான்கு விரல் இறங்கியிருக்கிறது. மூன்று முறை அளந்தேன்.